குறுக்குப் பாதையின் கணக்கு

இலங்கை மலையகத்தின் இறம்பொடைக் கடைவீதியிலிருந்து மேலே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போக அநேகமாக இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டத்து ரோட்டு. கொழுந்து லொறி போய்வருவதற்காக வெட்டியது. மற்றது, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராக மேலேறும் குறுக்கு. அதை எந்தப் பொறியியலாளரும் வரையவில்லை. விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போனவர்களும், மணியடிக்குமுன் பாடசாலைக்கு ஓடிய பிள்ளைகளும், சம்பள நாளில் அரிசி மாச் சுமையோடு திரும்பியவர்களும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கியது.

ஓர் ஊர் நடப்பதற்கு எவ்வளவு இசைவாக இருக்கிறது என்பதை அளக்கும் அறிவியல் ஒன்று கடந்த கால் நூற்றாண்டில் வேகமாக வளர்ந்திருக்கிறது. அது நகரங்களில் பிறந்தது. தட்டையான தெரு, நடைபாதை, சந்தி, கடை, பூங்கா என்று எண்ணிப் பழகியது. அதை இறம்பொடைக்குக் கொண்டுவந்து குறுக்கில் நிறுத்தினால் அதன் பல அளவுகோல்கள் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் நமக்குக் கற்க நிறைய இருக்கிறது.

முதலில் உடலின் கணக்கு. ஒரு குறுக்கை எடுத்துக்கொள்வோம்: தரையளவில் 600 மீற்றர், அதற்குள் 150 மீற்றர் ஏற்றம். அதாவது நூற்றுக்கு 25 சாய்வு. அதே உயரத்துக்கு ரோட்டு வழியே போனால் 2,500 மீற்றர், சாய்வு நூற்றுக்கு ஆறுதான். கைபேசி வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்தால் 600 மீற்றர் என்பது ஏழு நிமிட நடை. மலையில் நடப்பவர்களுக்கு இது பொய்க்கணக்கு என்று தெரியும். ஸ்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இலேயே ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். அதன்படி நம் குறுக்குக்கு 22 நிமிடம் வேண்டும். புவியியலாளர் வால்டோ டொப்லர் 1993இல் தந்த சூத்திரம் சற்றுத் தாராளமானது. சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடப்பவர், இந்தச் சாய்வில் ஏறும்போது இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேலாக வருவார் என்கிறது. அந்தக் கணக்கில் குறுக்கு 17 நிமிடம், ரோட்டு 37 நிமிடம்.

நேரத்தைவிடச் சுவையானது சக்தியின் கணக்கு. இத்தாலிய உடலியங்கியலாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் கூட்டாளிகளும் 2002இல் மலையோட்டத்தில் தேர்ந்தவர்களை மிகச் சரிவான ட்ரெட்மில்லில் ஏற்றியும் இறக்கியும், அவர்கள் உள்ளிழுக்கும் ஒட்சிசனை அளந்தார்கள். சமதரையில் ஒரு கிலோ உடலை ஒரு மீற்றர் நகர்த்த 1.64 ஜூல் செலவானது. நூற்றுக்கு 45 சாய்வில் ஏறும்போது அது 17.33 ஜூல். பத்து மடங்குக்கும் மேல். அவர்கள் தந்த சமன்பாட்டில் நம் இரண்டு வழிகளையும் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ரோட்டில் ஏறினால் சுமார் 115 கிலோகலோரி செலவாகிறது. குறுக்கில் ஏறினால் சுமார் 70.

குறுக்கில் நெஞ்சு படபடக்கிறது, நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் வீடு போய்ச் சேரும்போது உடம்பு செலவழித்த மொத்தம் குறைவு. மினெட்டியின் ஆய்வு இதற்குமேல் ஒரு படி போகிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தை மிகக் குறைந்த செலவில் ஏற வேண்டுமானால் பாதையின் சாய்வு நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அதைவிடத் தணிந்தால் பாதை தேவையில்லாமல் நீளும். அதைவிடச் செங்குத்தானால் தசைக்குக் கட்டாது. மலையகத்தில் காலால் உண்டான பாதைகளில் நல்லவை பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் நெளிந்து போகின்றன. செங்குத்தான இடத்தில் அவை தாமாக ஒரு முடக்கு எடுக்கும். இதை யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. கஷ்டமான தடத்தை விட்டு விலகி அடுத்தவர் சற்றே பக்கத்தில் மிதிக்க, அதற்கடுத்தவர் அதிலேயே மிதிக்க, பாதை தன் சாய்வைத் தானே தேடிக்கொண்டது. ஆகவே குறுக்கை ஏதோ வழியில்லாதவர்களின் வழி என்று எண்ணிவிடக் கூடாது. ஏறுவதைப் பொறுத்தவரை, தோட்டத்தில் இருக்கும் பாதைகளிலேயே மனித உடலுக்காக அமைந்தது அது ஒன்றுதான்.

சுமை வந்ததும் கணக்கு மாறுகிறது. 1986இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மலோயியின் ஆய்வு புகழ்பெற்றது. கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்து சமதரையில் நடக்கும்போது அதிகப்படியாக எந்தச் சக்தியும் செலவாகவில்லை என்று அது காட்டியது. கிக்குயு பெண்கள் சுமையை முதுகில் வைத்து, அதன் பட்டியை நெற்றியில் மாட்டுகிறவர்கள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும் நம் கொழுந்துப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகள் எல்லாம் இதே விடையைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் அது சமதரையின் சலுகை. ஏற்றத்தில் புவியீர்ப்பு யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, கேட்கும் 18 கிலோ கொழுந்தை 150 மீற்றர் உயர்த்த, தசையின் பயனுறுதி கால்பங்கு என்று வைத்தால், தன் உடலை ஏற்றும் செலவுக்கு மேல் இன்னும் 25 கிலோகலோரி வேண்டும்.

இறக்கம் வேறு கதை. மினெட்டியின் அளவீட்டில் நூற்றுக்குப் பத்துச் சாய்வில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. சமதரையில் ஆவதில் பாதிதான் செலவு. ஆனால் மலையகத்து வயதான பெண்களிடம் ஏற்றமா இறக்கமா கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி என்பார்கள். ஒட்சிசனை அளக்கும் கருவிக்கு முட்டி தெரியாது. இறங்கும்போது தொடையின் முன்தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. உடலை விழாமல் பிடித்துநிறுத்தும் தடை வேலை அது. இப்படி வேலை செய்யும்போது குறைவான தசைநார்களே அதிகப் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகி மறுநாள் வலி எடுக்கிறது. முழங்கால் மூட்டின் மேல் விழும் அழுத்தமும் கூடுகிறது.

மழை பெய்து விட்ட மாலையில் குறுக்கில் இறங்கும் ஒரு மூதாட்டியைச் சற்று நேரம் கவனித்தால் இது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாட்டாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். நேராக இறங்காமல் உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறார். கீழ்ப்படியில் ஒரு கால் முழுதாக ஊன்றிய பிறகே மற்றக் கால் வருகிறது. ஒரு படியில் இரண்டு கால்கள். இடக்கை தேயிலைச் செடியின் கிளையைத் தேடுகிறது. இந்தச் சின்ன அசைவுகள் ஒவ்வொன்றும் ஒரு பௌதிக விதிக்குப் பதில். நூற்றுக்கு 25 சாய்ந்த சரிவில் வழுக்காமல் நிற்கக் காலுக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் குறைந்தது 0.25 இருக்க வேண்டும். பாசி படிந்த ஈரக் கொங்கிரீற்றில், தேய்ந்த றப்பருக்கு அது கிடைக்காமல் போகலாம். வெறுங்கால் விரல்கள் பற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பினால் முழங்கால் குறைவாக மடிந்தால் போதும். கிளையைப் பிடித்தால் மூன்றாவது ஊன்றுகோல் கிடைக்கிறது.

படிகளைப் பற்றி இன்னொன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் ஒரு விதி எழுதிவைத்தார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் ஓர் எட்டு வர வேண்டும். இன்றைய அளவில் 60 முதல் 65 சென்ரிமீற்றர். இந்த விதியைவிட முக்கியமானது, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு மூன்று படிகள் ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொண்டு, அதற்கு மேல் மிகச் சிறிய இடைவெளி விட்டே அடுத்த படியைத் தாண்டுகிறது. நடுவில் ஒரு படி ஓரிரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் கால் தட்டும். தோட்டத்துப் படிக்கட்டுகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிதியில், வெவ்வேறு கைகளால் துண்டு துண்டாகக் கட்டப்பட்டவை. ஐந்து படி கல், பத்துப் படி கொங்கிரீற்று, பிறகு மண்ணில் வெட்டிய குழி. பகலில் கண் காப்பாற்றும். இருட்டில் கால் மட்டுமே மிஞ்சும்.

அந்தக் கண் எவ்வளவு நம்பகமானது? அமெரிக்க உளவியலாளர் டெனிஸ் புரொபிட் 1995இல் வெளியிட்ட ஆய்வில், குன்றின் அடியில் நிறுத்தி அதன் சாய்வு எத்தனை பாகை என்று கேட்டார். ஐந்து பாகைச் சரிவை மக்கள் இருபது என்றார்கள். பத்துப் பாகையை முப்பது என்றார்கள். ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டே, கைக்குக் கீழே இருக்கும் ஒரு பலகையை அந்தச் சாய்வுக்குச் சரித்துக் காட்டச் சொன்னபோது உண்மைக்கு மிக நெருக்கமாக வந்தார்கள். வாய் சொல்லும் மலை ஒன்று, கை அறியும் மலை வேறு. 1999இல் முகுல் பல்லாவும் புரொபிட்டும் மேலும் ஒன்று சொன்னார்கள்: முதுகில் பாரப் பை இருந்தாலோ, களைத்திருந்தாலோ, வயதும் நலக்குறைவும் சேர்ந்தாலோ அதே குன்று இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது. 2008இல் சிமோன் ஷ்னாலின் குழு, பக்கத்தில் நண்பர் நிற்கும்போது குன்று சற்றுத் தணிகிறது என்றது.

இந்த முடிவுகளைப் படித்ததும் மலையகத்தவர் எவரும் தலையாட்டுவார்கள். ஆனால் அறிவியலில் தலையாட்டல் போதாது. பிராங்க் டர்ஜினும் கூட்டாளிகளும் 2009இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: பையை மாட்டிவிட்டு உடனே சாய்வைக் கேட்டால், இவர்கள் எதிர்பார்ப்பது என்னவென்று சோதனைக்கு வந்த மாணவர் ஊகித்துக் கூட்டிச் சொல்லமாட்டாரா? பைக்கு வேறொரு காரணம் சொல்லி நம்பவைத்தபோது அந்த வித்தியாசம் மறைந்தது. கண் உண்மையில் மலையை உயர்த்திக் காண்கிறதா, வாய் மட்டும் உயர்த்திச் சொல்கிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நடையைப் பற்றி ஆராய்கிற நமக்கு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பாரத்தோடு ஏறுகிறவருக்கு அந்த மலை உண்மையிலேயே அதிக வேலை. அவர் அதைப் பெரிய மலை என்று சொன்னால், தன் உடலை அளவுகோலாக வைத்து அளந்து சொல்கிறார்.

இனி நகரத்து அறிவியலுக்கு வருவோம். 2003இல் பிரையன் செயிலன்ஸ், ஜேம்ஸ் சாலிஸ் முதலியோர் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு வினாக்கொத்தைச் சோதித்தார்கள். பெயர் நியூஸ் (NEWS). கடைக்கு நடந்துபோக எத்தனை நிமிடம்? வீடுகள் எவ்வளவு நெருக்கம்? நடைபாதை இருக்கிறதா? தெருக்கள் ஒன்றையொன்று இணைக்கின்றனவா? காட்சி அழகா? வாகனப் பயம், திருட்டுப் பயம் உண்டா? அளவு நாடாவை வைத்துக்கொண்டு தெருவை அளக்காமல், அங்கே வாழ்கிறவரிடம் கேட்டு அளப்பது இதன் சிறப்பு. இது உலகமெங்கும் பரவியது. 2016இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய ஆய்வில் 10 நாடுகளின் 14 நகரங்களில் 6,822 பேருக்கு அசைவுமானி கட்டி அளந்தார்கள். நடைக்கு மிக இசைவான பகுதிகளில் வாழ்கிறவர்கள், மிகவும் இசைவில்லாத பகுதிகளில் வாழ்கிறவர்களைவிட வாரத்துக்கு 68 முதல் 89 நிமிடம் அதிகம் உடலை அசைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கேட்கிறது. அதில் ஏறக்குறைய பாதியை ஊரின் அமைப்பே தந்துவிடுகிறது.

இந்த வினாக்கொத்து தமிழிலும் பேசியிருக்கிறது. தீப்தி அத்லகாவும் கூட்டாளிகளும் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றி, சென்னையில் சுமார் 370 பேரிடம் கேட்டுச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் புறநகருக்கு எழுதிய கேள்விகள் அப்படியே சென்னைக்குப் பொருந்தவில்லை. மாற்ற வேண்டியிருந்தது.

இறம்பொடைக்கு அந்த வினாக்கொத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இலங்கையின் குடிசன மதிப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்த மூன்றாவது வகையை நடையிசைவு அறிவியல் அறியாது. வீட்டு நெருக்கத்துக்கு நியூஸ் மதிப்பெண் கூட்டும், ஏனெனில் நகரத்தில் வீடு நெருங்கினால் கடையும் பக்கத்தில் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தைவிட நெருக்கம் வேறு என்ன? இங்கே நகரத்தின் நெருக்கம் இருக்கிறது, நகரத்தின் கடையும் மருந்தகமும் இல்லை. காட்சி அழகுக்கு முழு மதிப்பெண். 109 மீற்றர் அருவி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், எதிரே சின்மயா மிஷன் கட்டிய அனுமன் கோயில். சுற்றுலா வாகனங்கள் நின்று படம் எடுக்கும் இடம். மலைச் சரிவைப் பற்றியோ நியூஸில் இருப்பவை ஓரிரு வாக்கியங்கள்தான். இந்தப் பகுதியின் தெருக்கள் மேடுபள்ளமாக இருப்பதால் நடப்பது கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதன் சுருக்கப் பதிப்பில் அது எந்தப் பெரும்பிரிவிலும் சேராமல் தனியாக நிற்கிறது. இங்கே நடையின் பாதிக் கதை அந்த ஒரு கேள்விக்குள் அடங்க வேண்டும்.

பயத்தின் பட்டியலும் வேறு. வாகனப் பயம் இங்கும் உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா போகும் ஏ5 வீதி இறம்பொடைக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. பல இடங்களில் நடப்பவருக்குக் கானுக்கும் லொறிக்கும் இடைப்பட்ட ஓர் அடிதான் பாதை. 2025 மே 11 விடியலில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கெரண்டியெல்லயில் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்த வீதியில்தான். ஆனால் குறுக்கில் நடப்பவரின் அன்றாடப் பயங்கள் அந்த வினாக்கொத்தில் இல்லை. குளவிக்கூடு கலைவது. அந்தியில் சிறுத்தை. மூடுபனியில் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாதது. அடைமழையில் மேலே மண் இளகுவது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தின் பெருஞ்சாலைகளே மண்சரிவால் அறுந்தன. வண்டி போகும் வழி அறுந்தால் கால் போகும் வழி ஒன்றே ஊரை ஊரோடு இணைக்கும். அந்த வழியின் பலம் அதுவரை யாருடைய ஏட்டிலும் இல்லை.

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் கிளாவுஸ் கேபலும் கூட்டாளிகளும் கண்டதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அளவீட்டின்படி நடைக்கு நன்றாக இசைந்த பகுதிகளில் வாழ்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தம் பகுதி இசைவற்றது என்றே சொன்னார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் அப்படிச் சொன்னவர்களின் நடை மற்றவர்களைவிட அதிகம் குறைந்திருந்தது, எடையும் கூடுதலாக ஏறியிருந்தது. ஆய்வாளர்கள் இதைப் பொருத்தமின்மை என்றார்கள், சில இடங்களில் தவறான உணர்வு என்றும் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வரைபடம் அளப்பது, எந்த வயதும் எந்தச் சுமையும் எந்த நேரமும் இல்லாத ஒருவருக்கான தூரத்தை. அப்படி ஒருவர் எங்கும் வாழவில்லை. வாழ்கிறவரின் சொல் வரைபடத்தோடு முரண்பட்டால், வரைபடம் எதை விட்டுவிட்டது என்று தேடுவதே முறை.

அடிலெய்டில் பிடிக்காவிட்டால் நடக்காமல் காரில் போய்விடலாம். இறம்பொடையில் கொழுந்து மலைக்கும் பாடசாலைக்கும் கட்டாயம் நடந்தே ஆக வேண்டும். அசைவுமானி கட்டினால் தோட்டத்துப் பெண்கள் லான்செட் ஆய்வின் எந்த நகரத்தாரையும் வெல்லக்கூடும். அதைப் பார்த்து இது நடைக்கு இசைந்த ஊர் என்று ஒருவர் எழுதினால் அது பெரும் பிழை. இங்கே பாதையைப் பற்றிய உணர்வு வேலைக்குப் போகும் நடையைக் குறைப்பதில்லை. அது மற்ற நடைகளை விழுங்குகிறது. ஆறு மணி டியூசனுக்குப் பிள்ளையை அனுப்பாமல் விடுவது. நிறைமாதத்தில் கிளினிக்கை ஒரு தடவை தள்ளிப்போடுவது. முட்டி வலிக்கிறவர் மேலேயே இருந்துவிட்டுத் தைப்பூசத் தேருக்கும் இறங்காதது. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கக் காசில்லாத நாளில் மருந்து வாங்காமல் இருப்பது. போகாமல் விட்ட இந்த நடைகளை எந்தக் கருவியும் எண்ணாது. கேட்டால்தான் தெரியும். வாழ்கிறவரின் உணர்வை அளப்பதன் முழுப் பயனும் என்னைப் பொறுத்தவரை இங்கேதான் இருக்கிறது.

பாதை யாருடையது என்பதும் அந்த உணர்வில் கலந்திருக்கிறது. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு முன்னால் வீதிகள் கோப்பிக்காகவும் துரைமாருக்காகவும் போடப்பட்டிருந்தன. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் நூலில் இறம்பொடைக் கணவாயில் நேர்ந்ததை எழுதியிருக்கிறார். அவருடைய குதிரைவண்டி சரிவில் உருண்டது. அதை மீட்க அனுப்பிய யானை, ஓட்டியவன் விரட்டிய விரட்டில் இறந்தது. பின்னர் வந்த தேயிலைத் தோட்டமும் கொழுந்து போக வழி வகுத்தது. ஆள் போகும் வழியை ஆளிடமே விட்டது. 1987இன் பிரதேச சபைச் சட்டப்படி சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. தோட்டத்து மக்களும் அந்தச் சபைகளுக்கு வாக்களித்தவர்கள்தான். 2018இல் திருத்தம் வந்து அந்தத் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுகள் ஒரு படிக்கட்டுக்கும் ஒரு விளக்குக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாதிருந்த பாதையை, உடைந்தால் உடனே சீராகும் பாதையாக யாரும் உணரமாட்டார்கள்.

மலைச் சரிவில் ஏழைகள் வாழும் ஊரை மாற்ற முடியாது என்பதில்லை. கொலம்பியாவின் மெடயின் நகரில், கொமுனா 13 என்னும் சரிவான குடியிருப்பில் 2011இல் 384 மீற்றருக்கு வெளிப்புற நகரும் படிகளைப் பொருத்தினார்கள். மலையகத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரே உயரத்தில் படி, கீறல் போட்ட கொங்கிரீற்று, ஒரு பக்கக் கான், கைபிடிக் கம்பி, வளைவுக்கு ஒரு சூரிய விளக்கு, பாதி வழியில் கூடையை இறக்கிவைக்க இடுப்பளவில் ஒரு திண்ணை. நல்ல குறுக்குக்குச் சாய்வு ஏற்கெனவே சரியாக அமைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமலும் சுற்றிவிடாமலும் அதே தடத்தில் கட்டினால் போதும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு நல்ல முறை ஒன்று சமூகவியலில் இருக்கிறது. மார்கரேத்தே குசென்பாக் 2003இல் விளக்கிய, கூடவே நடந்து கேட்கும் முறை. வினாக்கொத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்து நிரப்பாமல், அவர் போகும் நேரத்தில், அவர் போகும் வேகத்தில், பின்னால் நடந்து கேட்பது. ஜூன் மழையில் ஒரு தடவை, பெப்ரவரி வெயிலில் ஒரு தடவை. பகல் இரண்டு மணிக்கும், இருட்டிய பின்னும். கணவன் பதில் சொல்ல மனைவி கேட்டுக்கொண்டிருக்காமல், பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே. எத்தனை நிமிடம் என்று கேட்பதோடு, எங்கெங்கே நிற்கிறீர்கள், எங்கே எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள், யார் கூட வந்தால் இந்த நேரத்தில் இறங்குவீர்கள், போன மாதம் எங்கே போக நினைத்துப் போகாமல் விட்டீர்கள் என்றும் கேட்க வேண்டும். அவர் கையைக் காட்டும் இடத்தில் கம்பி எத்தனை மீற்றர் வேண்டும் என்பதையும் அப்போதே அளந்து எழுதிக்கொள்ளலாம்.